ஆளற்ற கடற்கரை என்னும் புனைவு: ‘தி எண்ட்லெஸ் சம்மர்’ திரைப்படமும் அலைச்சறுக்கின் வரலாறும்

அலைச்சறுக்குத் திரைப்படங்களின் தொடக்கம் எளிமையானது. 1953-இல் பட் பிரவுன் ஹவாய் அலைகளைப் படமாக்கி, கலிபோர்னியாவில் ஒரு பள்ளி அரங்கில் கட்டணம் பெற்றுத் திரையிட்டார். 1959-இல் ஹாலிவுட்டின் ‘கிட்ஜெட்’ அதே விளையாட்டை இளையோரின் கடற்கரைக் கேளிக்கையாக நாடெங்கும் பரப்பியது. இவ்விரு போக்குகளையும் கடந்தது புரூஸ் பிரவுனின் ‘தி எண்ட்லெஸ் சம்மர்’.

ராபர்ட் ஆகஸ்ட், மைக் ஹின்சன் என்னும் இரு இளைஞர்கள் கோடையைப் பின்தொடர்ந்து ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தஹீதி எனச் சுற்றிவருவதே அதன் கதை. கடலறியா மக்கள் இதைப் பார்க்கமாட்டார்கள் என விநியோகஸ்தர்கள் மறுத்தபோது, கடலுக்கு வெகுதொலைவிலுள்ள கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில், அதுவும் குளிர்காலத்தில், பிரவுன் அதைத் திரையிட்டு வென்றார். 1966-இல் படம் நாடெங்கும் வெளியானது. யாருமறியா அலையைத் தேடிப் பயணிப்பதே அலைச்சறுக்கின் இலட்சியம் என்னும் எண்ணம் அதன்பின் வேரூன்றியது. தென்னாப்பிரிக்காவின் கேப் செயின்ட் பிரான்சிஸும், 1972-இல் வெளியான ‘மார்னிங் ஆஃப் தி எர்த்’ படத்திற்குப் பின் பாலித் தீவின் உலுவாட்டுவும் அலைதேடிகளின் தலங்களாயின.

ஆயினும் அந்த இலட்சியத்தின் அடித்தளம் ஆராயத்தக்கது. கானாவின் லபாடி கிராமத்து மக்கள் அலைச்சறுக்கை முதன்முதலாகக் காண்பதுபோலவே படம் சித்திரிக்கிறது. ஆனால் கோல்ட் கோஸ்ட் கரையில் சிறுவர்கள் பலகைமீது அலையேறியதை 1640-களிலேயே ஜெர்மானியரான மைக்கேல் ஹெம்மர்சாம் பதிவுசெய்திருப்பதை வரலாற்றாய்வாளர் கெவின் டாசன் எடுத்துக்காட்டுகிறார். 1962-இல் தேமா துறைமுகம் திறக்கப்படும்வரை, அக்ராவில் சரக்குகளை அலைகடந்து கரைசேர்த்தவை படகுகளே. அலையின் போக்கை நுணுகி அறிந்த அந்தச் சமூகம் படத்தில் வியந்து நிற்கும் பார்வையாளராகச் சுருங்கிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவிலோ, பொதுவிடங்களை இனவாரியாகப் பிரிக்க 1953-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருந்தது. அந்த நிறவெறி படத்தில் ஒரு நகைச்சுவைத் துணுக்காக மட்டுமே கடந்துபோகிறது.

2002-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்ற இப்படத்தின் அழகியல் மதிப்பு ஐயத்திற்கு அப்பாற்பட்டது. அதன் வரலாற்று மதிப்போ வேறொன்று. ஒரு கடற்கரை ஆளற்றதாகத் தோன்றுவது அங்கு மனிதர் இல்லாததால் மட்டுமன்று. அவர்களின் அறிவைக் கேமரா பொருட்படுத்தாததாலும்தான்.