அட்டைப் பலகையில் ஒரு போர்க்காலத் தெரு



கொலுவில் பார்க் கட்டிப் பழகிய வீடுகள் நம் குடியிருப்பில் நிறைய உண்டு. அங்கே செட்டியார் பொம்மை கோயில் கோபுரத்தைவிட உயரமாக உட்கார்ந்திருப்பார்; யாரும் குறை சொல்ல மாட்டோம். அதே பார்க்கை அளவு பிசகாமல், ஓர் இடத்தையும் ஒரு காலத்தையும் காட்டும்படி கட்டினால் அதுதான் டயோரமா. விடுமுறையில் பிள்ளைகளோடு ஒன்று செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், திண்ணை வைத்த வீடுகள் உள்ள ஒரு சென்னைத் தெரு. பீரங்கியும் டாங்கியும் வேண்டாம். வீடு, கடை, மனிதர்கள் போதும்.

அட்டையை வெட்டுவதற்கு முன் தேதியை முடிவு செய்யுங்கள். 'போர்க்காலம்' என்று பொதுவாக வைத்துக்கொண்டால் எல்லாம் கலந்துவிடும்.

1942 ஏப்ரலை எடுத்துக்கொள்வோம். மார்ச்சிலேயே ரங்கூன் ஜப்பானியர் வசமாகிவிட்டது. ஏப்ரல் 5 அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்ற பயம் ஊரைப் பிடித்துக்கொண்டது. அரசாங்கமே இடம் மாறியது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. பல அலுவலகங்கள் கடலை விட்டுத் தள்ளியிருந்த ஊர்களுக்குப் போயின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆகும் என்று அஞ்சி, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் அப்போது இருந்த மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். மக்கள் மூட்டை முடிச்சுகளோடு சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள்.

அந்த மாதத்துத் தெருவில் இருப்பதைவிட இல்லாததுதான் அதிகம். ஐந்து வீடு கட்டினால் மூன்றின் கதவில் பூட்டு இருக்கட்டும். பூட்டிய வீட்டு வாசலில் கோலம் இருக்காது. ஒரு வாசலில் ஜட்கா வண்டி நிற்கட்டும். அதில் டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருள், பித்தளைக் குடம். ஜன்னல் கண்ணாடிகளில் காகிதம் ஒட்டுங்கள். தெருவிளக்குக்கு வெளிச்சம் மேலே போகாதபடி ஒரு மூடி போடுங்கள்.

ஆனால் எல்லோரும் போய்விடவில்லை. போவதற்கு ஒரு ஊரும் ரயில் கட்டணமும் அங்கே தங்க ஒரு வீடும் வேண்டும். இவை இல்லாதவர்களும், வேலையை விட முடியாதவர்களும் இங்கேயே இருந்தார்கள். ஆகவே தெருவில் கைரிக்‌ஷா இழுப்பவர் ஒருவரையும், பூட்டிய வீடுகளுக்கு முன்னால் பெருக்கிக்கொண்டிருக்கும் ஒருவரையும் கட்டாயம் வையுங்கள். பார்க்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வியை அந்த இரண்டு பொம்மைகளே கேட்டுவிடும்.

1944-ஐத் தேர்ந்தெடுத்தால் காட்சியே வேறு. ஓடிப்போனவர்கள் திரும்பிவிட்டார்கள். பயம் குறைந்து தட்டுப்பாடு வந்துவிட்டது. பர்மா அரிசி வருவது நின்றுபோனதும் விலை ஏறியது. சென்னை நகரத்தில் 1943-இல் ரேஷன் வந்தது. அரிசிக் கடை முன்னால் பையோடு வரிசை நிற்கும். பெட்ரோல் கிடைக்காததால் பின்பக்கம் பெரிய உருளை பொருத்தி, மரக்கரியை எரித்து வரும் வாயுவில் பஸ் ஓடும். கடைக்காரர் கல்லாவில் ஓட்டைக் காலணா இருக்கும். உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் துளை போட்டு 1943 முதல் வெளியிட்ட காசு அது. 1942 தெருவில் ரேஷன் வரிசையோ ஓட்டைக் காலணாவோ வந்தால் தப்பு.

அளவுக்கு 1:35 வசதியானது. அசலில் 35 சென்டிமீட்டர் இருப்பது இங்கே 1 சென்டிமீட்டர். ஐந்தரை அடி மனிதர் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருவார். பதினைந்தடி முகப்புள்ள ஐந்து வீடுகள் வரிசையாக நின்றால் 65 சென்டிமீட்டர். இருபதடித் தெரு 17 சென்டிமீட்டர். சாப்பாட்டு மேஜையில் பாதி இடம் போதும். வாரந்தோறும் நம் லிப்ட் பக்கத்தில் சேரும் பார்சல் பெட்டிகளே சுவராகும். அவற்றில் வரிவரியாக இருக்கும் நடு அட்டையைப் பிரித்துச் செம்மண் நிறம் பூசினால் ஓட்டுக்கூரை. ஓட்டைக் காலணாவை மட்டும் செய்ய முடியாது. இந்த அளவில் அது கடுகைவிடச் சிறியது. அசல் காசு வீட்டில் கிடைத்தால் பலகையின் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள்.

பிள்ளைகள் நிச்சயம் நூலில் ஒரு விமானத்தைக் கட்டித் தொங்கவிட ஆசைப்படுவார்கள். இடிந்த வீடும் கேட்பார்கள். அந்த ஏப்ரலில் சென்னை மீது ஒரு குண்டும் விழவில்லை என்பதை அப்போது சொல்லுங்கள். 1943 அக்டோபரில்தான் ஒற்றை விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. இடிபாடு இல்லாமலேயே ஒரு போர் எத்தனை வீட்டைப் பூட்டவைக்கும், எத்தனை அடுப்பைக் காயவைக்கும் என்று காட்டுவதுதான் இந்த மாதிரியின் வேலை. பொதுக்கூடத்தில் வைத்த பொருளைப் பார்த்துவிட்டுப் போகும் குழந்தை அதையே சரித்திரமாக நினைவில் வைத்துக்கொள்ளும். நமக்குத் தெரியாததை அழகுக்காகச் சேர்க்கக் கூடாது.

தெரிந்துகொள்ள வழியும் நம்மிடமே இருக்கிறது. 1942-இல் பத்து வயதாக இருந்தவர்கள் இப்போது தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் வீட்டிலோ உறவிலோ அப்படி ஒருவர் இருந்தால், கட்டத் தொடங்கும் முன் அவரிடம் போய் உட்காருங்கள். போரைப் பற்றிக் கேட்க வேண்டாம். அதற்குச் செய்தித்தாள் பதிலே கிடைக்கும். ராத்திரி எந்த விளக்கில் படித்தீர்கள், அரிசிக்கு யார் வரிசையில் நின்றார்கள், ஊருக்குப் போனபோது எதை எடுத்துக்கொண்டு எதை விட்டுவிட்டுப் போனீர்கள் என்று கேளுங்கள். பேச்சை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ரேஷன் கார்டுக்கும் அந்தப் போர்க்காலத்தில்தான் தொடக்கம். அதைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, இது எப்படி வந்தது என்பதிலிருந்தே கதையை ஆரம்பிக்கலாம்.