பாசி போடும் தீனி: பவளப்பாறை நுண்ணுயிர் ஆய்வு வந்த வழி

1983 ஜனவரியில், பனாமா கால்வாயின் கரீபியன் வாசலருகே நீண்ட கருமுள் கொண்ட கடல் முள்ளெலிகள் கூட்டம் கூட்டமாகச் சாகத் தொடங்கின. ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹரிலாவோஸ் லெசியோஸ் குழுவினர், அந்தச் சாவு நீரோட்டத்தின் போக்கிலேயே தீவு தீவாகப் பரவுவதைப் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு முடிவதற்குள் கரீபியன் கடலின் முள்ளெலிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் அழிந்துவிட்டன. கொன்ற கிருமி எதுவென்று அன்று பிடிபடவில்லை.

ஜமைக்காவில் இது பேரிடியாக விழுந்தது. பாசி மேயும் மீன்களை அங்கே ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980இல் ஆலன் சூறாவளி பாறைகளை நொறுக்கியிருந்தது. பாசியைக் கட்டுக்குள் வைத்திருந்த கடைசிக் காவலாளி முள்ளெலிதான், அதுவும் போயிற்று. டெரி ஹியூஸ் 1994இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கணக்குப்படி, 1970களின் இறுதியில் கடலடிப் பரப்பில் 52 விழுக்காடு மூடியிருந்த உயிர்ப்பவளம் 1990களின் தொடக்கத்தில் 3 விழுக்காடாகச் சுருங்கியது. பாசியோ 4இலிருந்து 92 விழுக்காடாகப் பெருகியது.

அன்றைய விளக்கம் எளிமையானது. பாசி வெயிலை மறைக்கிறது, இடத்தைப் பிடிக்கிறது, மேலே படர்ந்து அமுக்குகிறது; பவளம் சாகிறது. பொய்யில்லை. ஆனால் நிழல் விழாத இடத்திலும், பாசி லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும் ஓரத்தில் மட்டும் பவளத்தின் தசை வெளுத்துக் கரைவது ஏன் என்பதற்கு அதில் பதிலில்லை.

பதில் கிடைக்க, பவளத்தின் மேல் யார் குடியிருக்கிறார்கள் என்பது முதலில் தெரிய வேண்டியிருந்தது. சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபாரஸ்ட் ரோவர் 2002இல் அந்தக் குடிக்கணக்கை எடுத்தார். மூன்றே வகைக் கரீபியன் பவளங்களின் மரபணுத் தடயங்களில் 430 விதமான பாக்டீரியாக்கள் தென்பட்டன. பவளத்தைப் போர்த்தியிருக்கும் கோழைப் படலம் வெறும் வழவழப்பல்ல, நெருக்கடியான குடியிருப்பு என்பது தெளிவாயிற்று. அந்தக் குடிகளில் சில எதிருயிரி சுரந்து அந்நியக் கிருமிகளை அண்டவிடாமல் தடுப்பதை, எல்க்ஹார்ன் பவளத்தின் கோழையில் கிம் ரிச்சி 2006இல் காட்டினார்.

இதற்கிடையே, குராசாவில் மேகி நியூகஸ் குழு 2004இல் ஒரு நேரடிச் சான்று தந்தது. சுண்ணத்தட்டுகள் அடுக்கிய ஹாலிமீடா பாசி ஆரோக்கியமான பவளத்தைத் தொட்ட இடத்தில் வெண்கொள்ளை நோய் கிளம்பியது. பாசி அங்கே கிருமியைச் சுமந்து வரும் தூதன்.

2006இல் ஜெனிஃபர் ஸ்மித்தும் கூட்டாளிகளும் செய்த சோதனைதான் இந்த வரலாற்றின் திருப்புமுனை. அதன் எளிமை இன்றும் வியப்பூட்டுகிறது. ஒரு பெட்டி, இரண்டு அறைகள். ஒன்றில் பவளம், மற்றதில் பாசி. நடுவே 0.02 மைக்ரான் துளை கொண்ட வடிகட்டி. பாக்டீரியா நுழைய முடியாது, வைரஸுக்கும் வழி அரிது. கரைந்த பொருள்கள் மட்டும் கடக்கும். பாசி தொடவில்லை, நிழலும் தரவில்லை. ஆனாலும் பவளங்கள் செத்தன. அதே பெட்டியில் பாக்டீரியாவைக் கொல்லும் ஆம்பிசிலின் மருந்தைக் கலந்தபோது அவை பிழைத்துக்கொண்டன. பாசியிலிருந்து கசிந்தது எதுவானாலும், அது கொன்றது பாக்டீரியாவின் கைவழியாகத்தான்.

அதே ஆண்டு டேவிட் கிளைன் பனாமாவில் பாசியே இல்லாமல் வெறும் சர்க்கரைகளை நீரில் கலந்து பார்த்தார். கோழைப் படலத்து நுண்ணுயிர்கள் பத்து மடங்கு வேகத்தில் பெருகின, பவளங்கள் மடிந்தன.

நடப்பது இதுதான். ஒளிச்சேர்க்கையில் செய்த சர்க்கரையில் ஒரு பங்கைப் பாசி நீரில் கசியவிடுகிறது. அதைத் தின்று பாக்டீரியா பெருகி, சுற்றியுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்க்கிறது. ஊசிமுனை மின்முனைகளால் அளந்தபோது, பாசியும் பவளமும் சந்திக்கும் சில மில்லிமீட்டர் எல்லையில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. மூச்சுத் திணறிய தசை சாகிறது, வெறுமையான இடத்தில் பாசி ஏறுகிறது, மறுபடி சர்க்கரை.

பெட்டிக்குள் நடப்பது கடலில் நடக்குமா என்பது நியாயமான கேள்வி. அலையும் நீரோட்டமும் சர்க்கரையை அடித்துச் சென்றுவிடாதா? 2005இல் பசிபிக்கின் லைன் தீவுகளுக்குப் போன ஆய்வுப் பயணம் இதற்கு ஓரளவு விடை தந்தது. ஆளில்லாத கிங்மன் பாறையில் சுறாக்கள் மலிந்திருந்தன. அதே தீவுக்கூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழும், பாசி மண்டிய கிரிஸ்துமஸ் தீவை ஒட்டிய நீரில் நுண்ணுயிர்கள் கிங்மனைவிட ஏறத்தாழ பத்து மடங்கு. அவற்றில் விப்ரியோ போன்ற நோய்க்கிருமி இனங்களின் பங்கும் கூடுதல்.

எந்தச் சர்க்கரை என்பதும் முக்கியம். மூரியா தீவில் கிரெய்க் நெல்சன், ஆண்ட்ரியாஸ் ஹாஸ் குழு 2013இல் பவளக் கசிவையும் பாசிக் கசிவையும் தனித்தனியே பாக்டீரியாவுக்கு ஊட்டியது. பவளக் கசிவில் பலவகை இனங்கள் சேர்ந்து வாழ்ந்தன. பாசிக் கசிவிலோ நோயூட்டும் மரபணுக்கள் கொண்ட சில இனங்களே கொழுத்தன. மூன்று பெருங்கடல்களில் 60 இடங்களை ஆராய்ந்து 2016இல் ஹாஸ் வெளியிட்ட கட்டுரையில் ஒரு முரண் இருந்தது. பாசி மண்டிய பாறைகளில் கரைந்த கரிமப்பொருள் கூடுதலாக இருக்க வேண்டும், குறைவாகத்தான் இருந்தது. அங்குள்ள பாக்டீரியா, கைக்கு வந்ததை வந்த வேகத்தில் அழிக்கும் ஊதாரியைப் போல, ஆற்றலைச் சிக்கனமாக எடுக்கும் வழியை விட்டு விரயமான வழிக்கு மாறியிருந்தது.

எல்லாப் பாசியையும் ஒரே கூண்டில் ஏற்றக் கூடாது. பாறையோடு ஒட்டிக் கிடக்கும் இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசி பவளத்துக்கு வேண்டப்பட்டது. அதன் மேல் வாழும் சில பாக்டீரியாக்களின் வேதிக்குறிப்புகளே மிதந்து வரும் பவளக் குஞ்சுகளை உட்கார வைக்கின்றன. பவளத் தசைக்குள் குடியிருந்து சோறு போடுவதும் நுண்பாசிதான்.

ஃபுளோரிடாவில் மூன்றாண்டு நடந்த கள ஆய்வு 2016இல் வெளியாயிற்று. மீன் நுழையாதபடி கூண்டு வைத்தும், உரச்சத்துக் கலந்தும் ரெபெக்கா வேகா தர்பர் குழு சோதித்தது. பவளச் சாவுகளில் 80 விழுக்காடு வரை வெப்பம் மிகுந்த மாதங்களில் நேர்ந்தன. உரமிட்ட இடங்களில், பாசி மேயும் கிளிமீன் கடித்த பவளங்களில் 62 விழுக்காடு செத்தன. சாதாரண நீரில் ஆறிவிடும் காயம் அது. நண்பனான கிளிமீனையே பகையாக்கியது கழிவுச்சத்தும் அதில் கொழுத்த நுண்ணுயிரும் என்றே இதைப் படிக்க வேண்டும்.

இதில் தமிழகக் கடலுக்கும் பங்குண்டு. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த கப்பாபைகஸ் பாசி மண்டபம் பகுதியில் வளர்க்கப்பட்டது. பெப்சிகோ அதை வணிகமாக்க இறங்கியதால் ஊரில் அதற்குப் 'பெப்சி பாசி' என்றே பெயர். குருசடைத் தீவின் பவளங்கள் மேல் அது படர்ந்து மூடியதை 'கரண்ட் சயின்ஸ்' இதழ் 2008இல் வெளியிட்டது. உடைந்த துண்டும் மறுபடி முளைக்கும் பாசி என்பதால், கையால் பறித்தெடுக்கும் வேலை முடிந்தபாடில்லை. பறிப்பதோடு நின்றால் பாதி வேலைதான். மேயும் மீன் எத்தனை மிச்சமிருக்கிறது, கரையிலிருந்து எவ்வளவு சாக்கடை இறங்குகிறது என்பதையும் மன்னார் வளைகுடாவில் ஆண்டுதோறும் அளக்க வேண்டும். மேயும் மீனைக் காக்கவே பெலீஸ் 2009இலும் பொனேர் 2010இலும் கிளிமீன் பிடிப்பதையே சட்டம் போட்டு நிறுத்திவிட்டன.