உறவு-பண்பாட்டு உளச்சிகிச்சை

உறவு-பண்பாட்டு உளச்சிகிச்சை என்பது, மனிதர் பிறரோடு கொள்ளும் உறவுகளின் வழியாகவே வளர்கின்றனர் என்றும், அவ்வுறவுகள் அடிக்கடி முறிவதாலும் அதனால் விளையும் தனிமையாலுமே உளத் துன்பங்களுட் பல தோன்றுகின்றன என்றும் கொள்ளும் ஓர் உளச்சிகிச்சை முறையாகும். ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், 1970களின் பிற்பகுதியில், உளமருத்துவர் ஜீன் பேக்கர் மில்லரும் அவருடன் இணைந்து பணியாற்றிய மூன்று உளவியலாளர்களும் இதன் அடிப்படைகளை உருவாக்கினர். தொடக்கத்தில் இது பெண்களின் உளவியலை விளக்கும் கோட்பாடாகவே இருந்தது. கணவர், பெற்றோர், நண்பர், உடன் பணிபுரிவோர் ஆகியோருடனான உறவுகளில் நிறைவின்றித் தவிக்கும் பெண்களுக்கான தனிநபர் சிகிச்சையில் இது பெரிதும் பயன்படுத்தப்படுகிறது. பிற்காலத்தில் ஆண்களுக்கும் இணையர்களுக்கும் குழுக்களுக்கும் ஏற்றவாறு விரிவாக்கப்பட்டது.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலைநாட்டு உளவியலில் செல்வாக்குப் பெற்றிருந்த வளர்ச்சிக் கோட்பாடுகள், முதிர்ச்சி என்பதைத் தனித்து நிற்றலோடு இணைத்துப் பார்த்தன. குழந்தை தாயிடமிருந்து பிரிந்து தனியாளாவதை மார்கரெட் மாலர் விளக்கினார். எரிக் எரிக்சன் வகுத்த வளர்ச்சிப் படிநிலைகளில் தன்னாட்சி, முன்முயற்சி, தன்னடையாளம் ஆகியவை முதலில் வருகின்றன. நெருக்கம் அவற்றுக்குப் பின்னரே இடம்பெறுகிறது. இந்த அளவுகோலால் அளக்கும்போது, உறவுகளைப் பேணுவதில் தம் ஆற்றலைச் செலவிடும் பெண்கள் முதிர்ச்சி குன்றியவர்களாகவோ பிறரைச் சார்ந்திருப்பவர்களாகவோ தோன்றினர்.

இத்தகைய பார்வை சிகிச்சையாளரிடமும் இருந்தது என்பதை 1970இல் இங்கே புரோவர்மனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உளநலத் துறையில் பணிபுரிந்த 79 பேரிடம், நலமான ஆண், நலமான பெண், நலமான வளர்ந்த மனிதர் ஆகியோரின் பண்புகளைக் குறிக்கும்படி கேட்கப்பட்டது. நலமான மனிதருக்கும் நலமான ஆணுக்கும் குறிக்கப்பட்ட பண்புகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. நலமான பெண்ணுக்குக் குறிக்கப்பட்டவை அவற்றிலிருந்து விலகியிருந்தன. பெண்ணுக்குரியதாகக் கருதப்பட்ட இயல்புடன் ஒருத்தி வாழ்ந்தால் அவள் முழுமையான மனிதராகக் கருதப்படமாட்டாள். முழுமையான மனிதராக வாழ முயன்றால் பெண்மை குறைந்தவளாகக் கருதப்படுவாள். இரண்டாண்டுகளுக்குப் பின் வெளியான பிலிஸ் செஸ்லரின் 'பெண்களும் பித்தும்' என்னும் நூல் இதே சிக்கலை உளமருத்துவமனைகளின் அனுபவங்களைக் கொண்டு விவாதித்தது.

தோற்றமும் வளர்ச்சியும்

ஜீன் பேக்கர் மில்லர் (1927–2006) நியூயோர்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட இவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1976இல் வெளியான 'பெண்களின் புதிய உளவியலை நோக்கி' என்னும் இவரது நூல் பரவலான கவனம் பெற்றது.

இந்நூலில் மில்லர் ஏற்றத்தாழ்வை இரு வகையாகப் பிரிக்கிறார். தாய்க்கும் சேய்க்கும், ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலுள்ளது தற்காலிகமானது; அந்த ஏற்றத்தாழ்வை இல்லாமற் செய்வதே அத்தகைய உறவின் நோக்கம். இனம், வர்க்கம், பால் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டது நிலையானது. அதனைத் தொடரச் செய்வதே அதன் நோக்கம். நிலையான ஏற்றத்தாழ்வில் கீழ்நிலையில் இருப்போர், மேல்நிலையில் இருப்போரின் முகக்குறிப்பையும் மனநிலையையும் நுட்பமாக அறிந்து வைத்திருப்பர், ஏனெனில் அவர்களின் வாழ்வு அதனைச் சார்ந்துள்ளது. ஆனால் தம் சொந்த விருப்பங்களை அறியவோ வெளிப்படையாகக் கூறவோ அவர்களுக்கு வாய்ப்புக் குறைவு. பெண்களின் 'உள்ளுணர்வு' என்று புகழப்படுவதில் ஒரு பகுதி இவ்வாறு கற்றுக்கொள்ளப்பட்டதே என்பது மில்லரின் வாதத்திலிருந்து பெறப்படும் முடிவாகும்.

நூல் வெளியான சில காலத்திலேயே மில்லர், ஜூடித் ஜோர்டன், ஐரீன் ஸ்டைவர், ஜேனட் சர்ரே ஆகிய நால்வரும் திங்கட்கிழமை மாலைகளில் கூடித் தம்மிடம் சிகிச்சைக்கு வந்த பெண்களின் அனுபவங்களை விவாதிக்கத் தொடங்கினர். தாம் பயின்ற கோட்பாடுகள் அப்பெண்களுக்குப் பொருந்தவில்லை என்பதே அவர்களை ஒன்றுசேர்த்தது. 1981இல் வெல்லெஸ்லி கல்லூரியில் ஸ்டோன் மையம் நிறுவப்பட்டபோது மில்லர் அதன் முதல் இயக்குநரானார். அங்கு நிகழ்த்தப்பட்ட உரைகள், முடிவுற்ற கோட்பாடாக அன்றி வளர்ந்துவரும் எண்ணங்களாக, ஆய்வுக்குறிப்புத் தொடராக அச்சிடப்பட்டன. அவற்றிலிருந்து தொகுக்கப்பட்ட நூல் 1991இலும், மில்லரும் ஸ்டைவரும் இணைந்து எழுதிய 'குணமாக்கும் இணைப்பு' 1997இலும் வெளிவந்தன. பயிற்சிக்கென மில்லரின் பெயரில் ஒரு நிறுவனம் 1995இல் தொடங்கப்பட்டது.

அடிப்படைக் கருத்துகள்

இம்முறையின் மையமாக விளங்குவது, மில்லரும் ஸ்டைவரும் விளக்கிய உறவு முரண் ஆகும். ஒருவர் உறவை மிகவும் நாடுகிறார். ஆனால் முன்பு உறவில் காயப்பட்டதால், தன் உண்மையான எண்ணங்களையும் உணர்வுகளையும் வெளிக்காட்டினால் உறவு முறிந்துவிடும் என அஞ்சுகிறார். எனவே அவற்றை மறைத்துக்கொள்கிறார். உறவு முறியாமல் இருக்கிறது. ஆனால் அதில் அவர் இல்லை. உறவைக் காப்பதற்காகத் தன்னை அதிலிருந்து விலக்கிவைக்கும் இந்நிலை, வெளியே இணக்கமாகத் தோன்றினும் உள்ளே கடுந்தனிமையை உண்டாக்குகிறது.

எடுத்துக்காட்டாக, எதைக் கேட்டாலும் "பரவாயில்லை, உங்கள் விருப்பம்" என்று விடையளிக்கும் பெண்ணைக் கூறலாம். சினம் காட்டினால் தந்தை நாட்கணக்கில் பேசாதிருக்கும் வீட்டில் அவள் வளர்ந்திருக்கலாம். சினம் கொண்டால் கைவிடப்படுவேன் என்னும் எதிர்பார்ப்பு அவளிடம் படிந்துவிடுகிறது. இவ்வாறான எதிர்பார்ப்புகள் உறவுப் படிமங்கள் எனப்படுகின்றன. கணவர் வேறுபட்ட இயல்பினராக இருப்பினும், அப்படிமமே அவளுடைய நடத்தையைத் தீர்மானிக்கிறது. விட்டுக்கொடுத்தல், எப்போதும் வேலையில் மூழ்கியிருத்தல், நகைச்சுவையால் பேச்சை மாற்றுதல், பிறருக்கு உதவுபவராக மட்டுமே இருத்தல் முதலியன விலகல் உத்திகள் எனப்படுகின்றன. இவற்றைக் குறைபாடுகளாகவோ சிகிச்சைக்கான எதிர்ப்பாகவோ இம்முறை கருதுவதில்லை. ஒரு காலத்தில் அவரைக் காப்பாற்றியவை என்பதால் அவற்றுக்கு மதிப்பளிக்கவேண்டும் என்றே வலியுறுத்துகிறது.

முறிவுகள் தொடர்ந்து நேர்ந்து, அவற்றைப் பற்றிப் பேசவும் இயலாதபோது, குற்றம் தன்னிடமே உள்ளது, தான் உறவுக்கே தகுதியற்றவள் என்ற எண்ணம் உருவாகிறது. தண்டனை போன்ற இத்தனிமையையே மனிதருக்கு நேரக்கூடிய மிகக் கொடிய நிலைகளுள் ஒன்றாக மில்லர் கருதினார்.

வளர்ச்சிக்கு உதவும் உறவை அடையாளம் காண மில்லர் ஐந்து விளைவுகளைக் கூறினார். அத்தகைய உறவில் இருவருக்கும் ஊக்கம் பெருகும்; செயலாற்றும் திறன் கூடும்; தம்மையும் மற்றவரையும் பற்றிய அறிவு தெளிவுறும்; தன்மதிப்பு உயரும்; மேலும் உறவுகளை நாடும் விருப்பம் தோன்றும். இவை இருவரிடமும் நிகழவேண்டும் என்பது முக்கியமானது. ஒருவர் மட்டும் வளர, மற்றவர் தேய்ந்துபோகும் உறவு, எத்தனை ஆண்டுகள் நீடித்தாலும், இம்முறையின்படி நல்லுறவு ஆகாது.

சிகிச்சை நடைபெறும் விதம்

பிற தனிநபர் சிகிச்சைகளைப் போன்றே இதிலும் சிகிச்சையாளரும் உதவி நாடுபவரும் குறித்த நேரத்தில் சந்தித்து உரையாடுகின்றனர். வேறுபாடு சிகிச்சையாளரின் நிலைப்பாட்டில் உள்ளது. மரபான உளப்பகுப்பாய்வில் சிகிச்சையாளர் தன் உணர்வை வெளிக்காட்டாமல் நடுநிலை காக்கவேண்டும் எனக் கருதப்பட்டது. இங்கோ, உதவி நாடுபவரின் சொற்கள் சிகிச்சையாளரைத் தொடுகின்றன என்பதை அவர் காணவேண்டும். இதுவே பரஸ்பர ஒத்துணர்வு எனப்படுகிறது. தன் பேச்சு மற்றொருவரிடம் பாதிப்பை உண்டாக்குகிறது என்பதைக் காணும்போதே, தான் பொருட்படுத்தத்தக்கவள் என்பதை ஒருத்தி உணரத் தொடங்குகிறாள் என்பது இதன் அடிப்படை. சிகிச்சையாளர் தன் சொந்தக் கதைகளைக் கூறவேண்டும் என்பது இதன் பொருளன்று. கட்டணம், நேரம், தொழில் ஒழுக்கம் முதலிய எல்லைகளும் தளர்த்தப்படுவதில்லை.

சிகிச்சையாளரிடமும் தவறுகள் நேரும். அவர் தவறாகப் புரிந்துகொள்ளலாம்; கவனம் சிதறலாம். அதனைச் சுட்டிக்காட்டும் துணிவு உதவி நாடுபவருக்கு ஏற்பட்டு, சிகிச்சையாளர் அதனை ஏற்றுத் தன்னைத் திருத்திக்கொண்டால், பழைய படிமத்துக்கு மாறான ஓர் அனுபவம் கிட்டுகிறது: முரண்பட்டும் உறவு முறியவில்லை. இம்முறையில் நல்ல முரண்பாடு தவிர்க்கவேண்டியதன்று, வளர்ச்சிக்கு இன்றியமையாதது. சிகிச்சை அறையில் பெற்ற இவ்வனுபவத்தைப் பின்னர் வெளியுறவுகளில், முதலில் ஆபத்துக் குறைந்த ஒருவரிடம், சிறிய அளவில் முயன்று பார்க்குமாறு ஊக்குவிக்கப்படுகிறது.

தன்னை மௌனமாக்கிக்கொள்ளுதல் பற்றி டேனா ஜாக் மேற்கொண்ட ஆய்வும் இதனோடு நெருங்கிய தொடர்புடையது. மனச்சோர்வுற்ற பெண்களின் கூற்றுகளை ஆராய்ந்து 1991இல் அவர் வெளியிட்ட நூலைத் தொடர்ந்து, 31 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்று 1992இல் வெளியானது. பிறரின் கண்களால் தன்னை எடைபோடுதல், தன்னலத் தியாகத்தையே அன்பாகக் கருதுதல் முதலியவற்றை இது அளவிடுகிறது.

வன்முறை நிலவும் உறவுகள்

உறவை முதன்மைப்படுத்தும் ஒரு முறை, எப்பாடுபட்டேனும் குடும்பத்தைக் காத்துக்கொள்ளுமாறு பெண்ணுக்கு அறிவுரை கூறும் என எண்ண இடமுண்டு. இது தவறான புரிதலாகும். தன்னை வெளிப்படுத்துதல் பாதுகாப்பான இடத்தில் மட்டுமே நன்மை தரும். அடித்துத் துன்புறுத்துபவரிடம் மனம் திறந்து பேசுவது ஆபத்தை மிகுவிக்கலாம். அத்தகைய உறவிலிருந்து விலகுவதும் உடல்நலம், உளநலம் இரண்டுக்கும் ஏற்ற செயலே. எனினும் விலகும் காலமும் அதனையடுத்த காலமும் அப்பெண்ணுக்கு உயிராபத்து மிகுந்தவை ஆதலால், எங்கே செல்வது, யாரிடம் சொல்வது, பணம், ஆவணங்கள், பிள்ளைகள் ஆகியவற்றுக்கு என்ன ஏற்பாடு என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது சிகிச்சையின் முதற்பணியாகிறது. கணவன் மனைவி இருவரையும் ஒருங்கே அமர்த்திப் பேசுவது இந்நிலையில் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது; அறையில் அவள் கூறியதற்கு வீட்டில் பழிவாங்கப்படலாம்.

துன்புறுத்தும் உறவில் தங்கியிருக்கும் பெண் துன்பத்தை விரும்புகிறாள் என்னும் பழைய கருத்து உளமருத்துவத்தில் எளிதில் மறையவில்லை. தன்னைத் தானே தோற்கடிக்கும் ஆளுமைக் கோளாறு என்னும் வகைப்பாடு, பெண்ணிய உளவியலாளர்களின் கடும் எதிர்ப்புக்கிடையே, 1987இல் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் பின்னிணைப்பில் இடம்பெற்றது. 1994ஆம் ஆண்டுப் பதிப்பில் அது நீக்கப்பட்டது.

பண்பாடு என்னும் சொல்லின் வருகை

தொடக்ககாலக் கோட்பாடு, பெரும்பாலும் வெள்ளையின, நடுத்தர வர்க்க, கல்வி பெற்ற பெண்களின் அனுபவங்களையே எல்லாப் பெண்களின் அனுபவமாகக் கொண்டது. கறுப்பினப் பெண்களும் தன்பாலீர்ப்புப் பெண்களும் இதனைச் சுட்டிக்காட்டினர். குழுவினர் இதனை ஏற்றுத் தம் கோட்பாட்டை மாற்றியமைத்தனர். பெயரிலும் 'பண்பாடு' சேர்ந்தது. சமூகவியலாளர் பட்ரிசியா ஹில் கொலின்ஸ் எடுத்துரைத்த கட்டுப்படுத்தும் படிமங்கள் என்னும் கருத்து இதில் இணைக்கப்பட்டது. ஒரு சமூகக் குழுவினரைப் பற்றி ஆதிக்கத்தில் உள்ளோர் பரப்பும் இழிவான சித்திரங்கள், அக்குழுவைச் சேர்ந்தவரின் மனத்திலும் குடியேறி, உறவுகளில் எதனை எதிர்பார்க்கலாம் என்பதை வரையறுக்கின்றன. மவுரீன் வாக்கர் இனத்தையும் அதிகாரத்தையும் பற்றி எழுதியவை இத்துறையில் குறிப்பிடத்தக்கவை.

ஆய்வுகளும் விமர்சனங்களும்

உறவுகளின் தரத்தை அளவிடுவதற்காக பெல் லியாங்கும் பிறரும் 2002இல் 37 கூற்றுகள் கொண்ட அளவீட்டை வெளியிட்டனர். கனடாவின் டொராண்டோ நகரில், இம்முறையில் குறுகியகாலச் சிகிச்சை பெற்ற பெண்களிடம் முன்னேற்றம் காணப்பட்டதாக 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆயினும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையோடு ஒப்பிடுகையில், இம்முறைக்கான கட்டுப்பாட்டு ஆய்வுகள் மிகக் குறைவு. இது இதன் முதன்மையான குறையாகும். பரஸ்பர ஒத்துணர்வு போன்ற கருத்துகளை அளவிடுவது கடினம் என்பது ஒரு காரணமாயினும், அது மட்டுமே போதிய விடையாகாது.

உறவு நாட்டம் பெண்களுக்கே உரிய இயல்பு எனக் கூறுவது, பெண் வீட்டுக்கும் பராமரிப்புக்கும் உரியவள் என்னும் பழைய கருத்துக்கே வலுச்சேர்க்கும் என்பது மற்றொரு விமர்சனம். கரோல் டாவ்ரிஸ் 1992இல் வெளியிட்ட நூலில், பெண்களுக்கே உரியவையாகக் கூறப்படும் பண்புகள் பலவும் உண்மையில் அதிகாரமின்மையால் விளைபவை என வாதிட்டார். மில்லரின் முதல் நூலும் ஏறத்தாழ இதனையே கூறியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. பிற்காலத்தில் ஜோர்டன் முதலானோர், உறவின் வழி வளர்தல் மனிதர் அனைவருக்கும் பொது என்றும், ஆண்பிள்ளைகள் இளமையிலேயே அதனை மறைக்கப் பழக்கப்படுகின்றனர் என்றும் எழுதினர். ஜோர்டன் இம்முறையைப் பற்றி எழுதிய சுருக்கமான பாடநூல் 2010இலும், அதன் இரண்டாம் பதிப்பு 2018இலும் அமெரிக்க உளவியல் கழகத்தால் வெளியிடப்பட்டன.