பிரஷரைக் குறைக்கலாமா? மூளையின் ரத்த ஓட்டத்தை அளந்த கதை

பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த வீடுகளில் முதல் நாளே எழும் கேள்வி இது: "பிரஷர் 200-க்கு மேல இருக்கு, ஏன் குறைக்க மாட்டேங்கிறாங்க?" ரத்தக்குழாய் அடைத்ததால் வந்த பக்கவாதமாக இருந்து, உறைவைக் கரைக்கும் ஊசியும் போடவில்லை என்றால், 220/120 வரை பொதுவாக விட்டுவைக்கலாம் என்கின்றன வழிகாட்டு நெறிகள். பார்க்கிறவர்களுக்கு அலட்சியம் மாதிரித் தெரியும். ஆனால் இதற்குப் பின்னால் நூறு வருடங்களுக்கும் மேலான ஒரு வாக்குவாதம் இருக்கிறது.

உடம்பில் ரத்த அழுத்தம் இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தமும் குறையுமா? 1890-இல் ராய், ஷெரிங்டன் இருவரும் மூளை தன் தேவைக்கேற்பத் தன் ரத்தக்குழாய்களைத் தானே மாற்றிக்கொள்கிறது என்றார்கள். 1896-இல் லெனர்ட் ஹில், அதெல்லாம் இல்லை, மூளை சும்மா ஒரு குழாய், அழுத்தம் எப்படியோ ஓட்டமும் அப்படி என்றார். வெகுகாலம் ஹில் சொன்னதே செல்லுபடியானது. 1930-களில் கோபன்ஹேகனில் மோகன்ஸ் ஃபாக் பூனைகளின் மண்டையோட்டில் சன்னல் மாதிரி திறந்து, மூளையின் மேற்பரப்பு நாளங்களைக் கவனித்தார். அழுத்தம் இறங்கினால் அவை விரிந்தன, ஏறினால் சுருங்கின. (இந்த ஃபாக் பின்னால் நாஜி எதிர்ப்பு இயக்கத் தலைவர்களில் ஒருவர். கெஸ்டபோ சிறையில் இருந்தவர், 1945 மார்ச்சில் பிரிட்டிஷ் விமானங்கள் அந்தக் கட்டடத்தின் மேல் குண்டு போட்டபோது தப்பித்தார். தனிப் பதிவே எழுதலாம்.)

மனிதனில் அளக்க வழி கொடுத்தவர் சீமோர் கெட்டி. சிரிப்பு வாயுவைப் பத்து நிமிடம் சுவாசிக்கவைத்து, தமனியிலும் கழுத்துச் சிரையிலும் ரத்தம் எடுத்து ஒப்பிடுவது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 54 மில்லி என்று 1948-இல் வந்த கணக்கு இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அது முழு மூளைக்கும், பத்து நிமிடத்துக்கும் சேர்த்த சராசரி. நொடிகளில் நடப்பது எதுவும் அதில் தெரியாது.

1959-இல் நீல்ஸ் லாஸன் இப்படிப்பட்ட அளவீடுகளைத் தொகுத்து ஒரு வரைபடம் போட்டார். சராசரி அழுத்தம் சுமார் 60-இலிருந்து 150 வரை ஓட்டம் மாறாமல் மேடை மாதிரி சமமாக இருக்கும் அந்தக் கோட்டைப் பார்க்காத மருத்துவ மாணவர் இருக்க முடியாது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது அதன் புள்ளிகள்தான். ஏழு ஆய்வுகளில் வந்த பதினொரு குழுக்களின் சராசரிகள் அவை. வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு நோய்கள், வெவ்வேறு மருந்துகள். ஒரே மனிதனின் அழுத்தத்தை ஏற்றி இறக்கி வரைந்த கோடு அல்ல. தொகுத்தவர்மேல் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு அவ்வளவுதான் முடியும். ஆனால் காலப்போக்கில் "பல பேரின் சராசரி" என்பது "ஒவ்வொருவரின் விதி" ஆகிவிட்டது. நம்ம துறையில் இதைச் செய்தால் கோட் ரிவ்யூவிலேயே மாட்டிக்கொள்வோம்.

பக்கவாதத்தில் இதுதான் சிக்கல். அடைபட்ட பகுதியில் இந்தக் கட்டுப்பாடு கெட்டுப்போகலாம். அப்போது அந்த இடம் நிஜமாகவே ஹில் சொன்ன குழாய்தான். அழுத்தத்தைக் குறைத்தால், சாகிற விளிம்பில் இருக்கும் திசுவுக்குக் கடைசி ரத்தமும் நிற்கும். விட்டால் வீக்கமோ ரத்தக்கசிவோ வரலாம். எனவே இந்த நோயாளிக்கு, இந்த மணி நேரத்தில், கட்டுப்பாடு வேலை செய்கிறதா என்று தெரிந்தாக வேண்டும்.

அதற்கு வழி திறந்தவர் ரூன் ஆஸ்லிட். காதுக்கு முன்பக்கம், கன்ன எலும்புக்கு மேலே மண்டையோடு மெலிதாக இருக்கும். அது வழியாக 2 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்டை அனுப்பி, மூளைத் தமனியில் ரத்தத்தின் வேகத்தை அளக்கலாம் என்று 1982-இல் காட்டினார். 1989-இல் செய்தது இன்னும் அழகு: தொடைகளில் பெரிய கஃப் கட்டி, காற்றடித்து, சட்டென்று விட்டுவிடுவது. ரத்தம் காலுக்குப் பாய்வதால் அழுத்தம் விழும், மூளையில் வேகமும் விழும். ஆனால் அழுத்தம் மீள்வதற்கு முன்பே, சில நொடிகளில், மூளை தன் ஓட்டத்தை மீட்டுக்கொள்ளும். இன்ஜினியரிங்கில் படித்த ஸ்டெப் ரெஸ்பான்ஸ் இதேதான்! 1995-இல் டீக்ஸும் குழுவினரும் இதற்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் வைத்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு 5-ஐ ஒட்டி வரும்.

ஆனால் மூளை ஏற்கெனவே ரத்தத்துக்குத் தவிக்கும் ஒருவரின் அழுத்தத்தைச் சோதனைக்காக விழவைக்க யாருக்கு மனசு வரும்? அதனால் இயல்பாக நடக்கும் ஏற்ற இறக்கங்களையே பயன்படுத்தினார்கள். விரலில் கட்டும் கஃப் ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் தரும், டாப்ளர் வேகத்தைத் தரும். முதலாவது இன்புட், இரண்டாவது அவுட்புட். நல்ல மூளை ஒரு ஹை-பாஸ் ஃபில்டர்: மெதுவான மாற்றங்களை அமுக்கிவிடும், வேகமானவை கடந்து போகும். சீக்கிரமே திருத்திக்கொள்வதால் ஓட்டத்தின் அலை அழுத்தத்தின் அலையை முந்தி நிற்கும். கட்டுப்பாடு கெட்டால் இந்த முந்தல் குறைந்து, இரண்டும் சேர்ந்தே ஆடும்.

காகிதத்தில் இது சுலபம். வார்டில் நோயாளி புரளுவார், இருமுவார், சுத்தமான ஐந்து நிமிட சிக்னல் கிடைப்பதே பாடு. சிலருக்கு எலும்பு தடித்திருந்தால் டாப்ளரே எடுபடாது. போதாததற்கு டாப்ளர் தருவது வேகம், அளவு அல்ல. ஒரே தரவுக்கு ஆளுக்கொரு விடை வந்ததால், கணக்கிடும் முறைக்குப் பொது விதிகளை 2016-இல்தான் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

இதற்குள் பொது எண்களை நம்பிய சோதனைகள் அடிபட்டன. 2022-இல் லான்செட்டில் வந்த ஒரு சீன ஆய்வு, உறைவை வெளியே எடுத்த பிறகு மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே வைத்துப் பார்த்தது. 140 முதல் 180 வரை வைத்தவர்களைவிட அவர்கள் மோசமாகத் தேறியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். தலையில் ஒட்டும் அகச்சிவப்பு சென்ஸாரை வைத்து, ஒவ்வொருவரின் மேடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று படுக்கையிலேயே கண்டுபிடிக்கும் முயற்சியும் நடக்கிறது. லாஸனின் வரைபடத்தை ஒரே ஆளுக்குப் போடும் வேலை அது. பெரும்பாலான வார்டுகளில் இன்னும் 220, 185, 180 என்ற பொது எண்கள்தான்.