இரண்டாம் இருக்கை

ஸ்ரீவில்லிபுத்தூரும் இராசபாளையமும் ஏறத்தாழ ஏழு கல் இடைவெளியில் அமைந்த ஊர்கள். 1949-இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரான பி. எஸ். குமாரசாமி ராஜா இராசபாளையத்துக்காரர். அவரை அப்பதவியில் அமர்த்தத் துணைநின்ற காமராசர், 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். ஆளைத் தேர்ந்து அரியணை ஏற்றும் கலையில் கைதேர்ந்த அப்பெருந்தலைவருக்கு 1967-இல் ஒரு சோதனை வந்தது.

அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் வேட்பாளர் தம் துணைவரையும் உடன் நிறுத்துவார். மக்கள் இருவரையும் ஒருசேரத் தேர்ந்தெடுப்பர். நம் நாட்டில் அவ்வாறன்று. குடியரசுத் தலைவரை நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கின்றனர். துணைத் தலைவரை நாடாளுமன்றத்தின் இரு அவையினர் மட்டுமே தேர்ந்தெடுக்கின்றனர். தேர்தல்கள் இரண்டாயினும், கட்சிகள் அவ்விரு பெயர்களையும் இணைத்தே எடைபோடுகின்றன.

1967 பொதுத்தேர்தலில் காங்கிரஸ் பல மாநிலங்களை இழந்திருந்தது. அகில இந்தியத் தலைவரான காமராசரே விருதுநகரில் தோற்றிருந்தார். டாக்டர் இராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவராகவும் டாக்டர் ஜாகிர் ஹுசைன் துணைத் தலைவராகவும் தொடர்வதையே அவர் விரும்பினார். பிரதமர் இந்திரா காந்தியோ ஜாகிர் ஹுசைனையே முதலிடத்துக்கு உயர்த்த வேண்டுமென்றார். பிரதமரின் எண்ணமே நிறைவேறியது. இரண்டாம் இடத்துக்கு வி. வி. கிரி நிறுத்தப்பட்டார்.

எதிரணியினர் அமைத்த இணையையும் நோக்குவோம். உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதிப் பதவியைத் துறந்து வந்த கோகா சுப்பாராவ் தலைவர் வேட்பாளர். அலிகர் வரலாற்றுப் பேராசிரியர் முகம்மது ஹபீப் துணைத் தலைவர் வேட்பாளர். இரு அணியிலும் ஒரு முஸ்லிம். இரு அணியிலும் ஒரு தெலுங்கர். இருக்கைகள் மட்டுமே இடம் மாறியிருந்தன! ஒரு முஸ்லிமை நாட்டின் தலைமையிடத்துக்கு மக்கள் பிரதிநிதிகள் ஏற்பார்களா என்பதே அன்று எழுந்த வினா. மே 1967-இல் ஜாகிர் ஹுசைன் 4,71,244 வாக்கு மதிப்பும், சுப்பாராவ் 3,63,971-உம் பெற்றனர். வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. கிரியும் வென்றார்.

இரண்டாம் இருக்கையை யாரும் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் 1969 மே 3-ஆம் நாள் ஜாகிர் ஹுசைன் பதவியிலிருக்கும்போதே மறைந்தார். அரசியலமைப்பின்படி கிரி தற்காலிகக் குடியரசுத் தலைவரானார். கட்சி சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கவே, கிரி பதவி விலகித் தனித்து நின்றார். தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா இடைக்காலத்தில் அப்பொறுப்பை ஏற்றார். தேர்தலில் கிரி வென்றார். அவ்வாண்டின் இறுதிக்குள் காங்கிரஸ் பிளந்தது. காமராசர் ஓரணியிலும் இந்திரா மறு அணியிலும் நின்றனர்.

இரண்டாண்டுகளுக்கு முன் துணை என்று தேர்ந்த ஒரு பெயர், அவரைத் தேர்ந்த கட்சியையே பிளக்கும் பூசலின் நடுவில் நின்றது. துணைவரைத் தேரும்போது, அவர் என்றேனும் தலைமை ஏற்க நேரும் என்பதை எண்ணித் தேர்வதே அறிவுடைமை. நாட்டுக்கு மட்டுமன்றி, நம் ஊர்ச் சங்கங்களுக்கும் ஜமாஅத் நிர்வாகங்களுக்கும் இது பொருந்தும்.