ஒன்பது அங்குலத்தில் ஆரம்பித்த கதை

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் லேக் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். மிசிசிப்பி ஆறு அகன்று ஏரி மாதிரி ஆகிற இடத்தில், பெப்பின் ஏரிக்கரையில் இருக்கிறது. 1922ல் அங்கே ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையனுக்கு, பனியில் சறுக்குகிற மாதிரி தண்ணீரில் ஏன் சறுக்கக் கூடாது என்று தோன்றியது. முதலில் பீப்பாய்ப் பலகையைக் கட்டிக்கொண்டான். முங்கினான். அடுத்து பனிச்சறுக்குக் கட்டை. அதிலும் முங்கினான். கடைசியில் எட்டடி நீளம், ஒன்பது அங்குல அகலத்தில் இரண்டு பைன் பலகை வாங்கி வந்து, அம்மா துணி வேக வைக்கிற அண்டாவில் நுனியைப் போட்டு இளக்கி, மேல்நோக்கி வளைத்தான். கால் மாட்டத் தோல் வார். இழுத்தது அண்ணன் பென்னின் படகு. ஜூலை 2ம் தேதி, அதாவது 19வது பிறந்தநாளுக்கு முந்தின நாள், உடம்பைப் பின்னால் சாய்த்து ஸ்கீ நுனியைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டால் எழுந்து நிற்கலாம் என்று பிடிபட்டது.

ஏன் அவ்வளவு அகலம்? படகு மெதுவாகப் போனது, அவ்வளவுதான். வேகம் குறைந்தால் ஆளைத் தாங்க அகலம் வேண்டும். வேகம் கூடினால் குறுகலான பலகையே தாங்கும். அதற்கப்புறம் நூறு வருஷமாக நடந்ததெல்லாம் இந்தக் கணக்குதான்.

சாமுவேல்சன் காப்புரிமை வாங்கவில்லை. 1925ல் அதை வாங்கியவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஃபிரெட் வாலர். (பிற்பாடு 1952ல் சினிராமா அகலத்திரையைக் கொண்டுவந்தாரே, அதே வாலர்தான். அகலத்தின் மேல் மனுஷனுக்கு என்ன ஆசையோ!) சாமுவேல்சன் வான்கோழி வளர்க்கப் போய்விட்டார். 1963ல் ஒரு பத்திரிகையாளர் கண்ணில் பட்டு, 1966ல்தான் அமெரிக்க வாட்டர் ஸ்கீ சங்கம் இந்த விளையாட்டின் தந்தை என்று அவரை ஒப்புக்கொண்டது. 1977ல் காலமானார்.

இதற்குள் விளையாட்டு எங்கேயோ போய்விட்டிருந்தது. 1939ல் நியூயார்க் பக்கம் ஜோன்ஸ் பீச்சில் முதல் தேசியப் போட்டி, 1949ல் பிரான்சில் முதல் உலகப் போட்டி. ஸ்லாலம் என்பது ஆறு மிதவைகளை வலமும் இடமுமாகச் சுற்றிப் போவது. ஆரம்பத்தில் இரண்டு ஸ்கீயோடு சுற்றினார்கள். ஒற்றை ஸ்கீயில் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து நின்றால் இன்னும் கூர்மையாகத் திரும்பலாம் என்று தெரிந்ததும் எல்லோரும் அதற்கு மாறிவிட்டார்கள். 1961ல் ஸ்கீ நாட்டிக் மாதிரி இதற்கென்றே செய்த படகுகள் வந்தன. பின்னால் எழும் அலை சிறியது, வேகம் ஒரே சீர்.

இன்றைய கணக்கைப் பாருங்கள். தடத்தின் நீளம் 259 மீட்டர். ஆண்களுக்குப் படகு வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55. நடுக்கோட்டிலிருந்து மிதவை 11.5 மீட்டர் தள்ளி இருக்கிறது. கயிறு 18.25 மீட்டரில் ஆரம்பிக்கும். ஆறையும் சுற்றிவிட்டால் கயிற்றைக் குறைப்பார்கள். 10.25 மீட்டருக்கு வரும்போது கயிறு மிதவையைத் தொடாது! மிச்சத்தை ஆள் உடம்பை நீட்டித்தான் எட்ட வேண்டும். 58 கிலோமீட்டர் வேகத்தில் அதைச் செய்கிறவருக்காகவே கார்பன் நாரில், குறுகலாக, விறைப்பாக ஸ்கீ செய்ய ஆரம்பித்தார்கள். விற்பனைக் கடைகளில் கண்ணாடிப் பெட்டியில் மினுக்குவதும் அதுதான்.

மினியாபொலிஸில் இருக்கும் என் அக்கா மகன் ஆசைப்பட்டதும் அதையே. இரண்டு கோடையாகப் பழகுகிறான். ஒற்றை ஸ்கீயில் எழுந்து, படகின் அலையை வெட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிறான். எடை 80 கிலோ, படகு வேகம் 48. "சாம்பியன் ஸ்கீயே வாங்கிடறேன் மாமா, ரெண்டாயிரம் டாலர்தானே" என்றான். "உன் வேகத்துக்கு அது முங்கும்டா, சாமுவேல்சனோட பீப்பாய்ப் பலகை மாதிரி" என்றேன். சிரித்தான். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 48ல் அந்தக் குறுகல் ஸ்கீ தண்ணீருக்குள் ஆழமாக உட்காரும். எழும்போது கைகளும் முதுகும் இழுபடும். திருப்பத்தில் வேகம் செத்து, கயிறு தொய்ந்து, பிறகு வெடுக்கென்று இழுக்கும். நன்றாகத் தேறி வருகிற பிள்ளைகள் அதோடு விளையாட்டையே விடுவது இப்படித்தான்.

ஸ்கீ செய்கிறவர்களுக்கும் இது புரிந்தது. 2000க்குப் பிறகு அகலம் திரும்ப வந்தது. ரேடார் செனட், ஹெச்.ஓ. ஆம்னி போன்றவை இந்த நடுவாந்திர ஆட்களுக்கானவை. சாம்பியன் ஸ்கீயைவிடக் கொஞ்சம் அகலம், 48லும் மிதக்கும், 55க்குப் போனாலும் கைவிடாது. அதற்காக, முதல் நாள் பழகுகிறவர்களுக்கு விற்கும் ரொம்ப அகலமான பலகையும் அவனுக்கு வேண்டாம். ஆறு மாதத்தில் அது அவனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாய்த்து விளிம்பில் நிற்க விடாது.

நீளத்தை உயரம் பார்த்துச் சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள். எடையும் படகு வேகமும்தான் கணக்கு. 80 கிலோவுக்குப் பெரும்பாலும் 67 அங்குலம் வரும். கம்பெனி அட்டவணையில் இரண்டு அளவுக்கு நடுவே நின்றால், வளர்கிற ஆள் பெரியதையே எடுப்பது நல்லது. பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் அடிப்பாகம் வில் மாதிரி வளைந்திருக்கும். வளைவு கூடினால் சுலபமாகத் திரும்பும், ஆனால் வேகம் குறையும். தட்டையாக இருந்தால் ஓட்டம் அதிகம், திருப்ப வேலை அதிகம். பழைய ஸ்கீயாக இருந்தாலும் பரவாயில்லை, ஓரத்தில் வெடிப்பு இல்லாமல், கால் மாட்டும் ரப்பர் கிழியாமல் இருந்தால் சரி.

வால் பக்கம் அடியில் ஃபின் என்று ஒரு சின்ன உலோகத் தகடு. அதை முன்னே பின்னே நகர்த்தலாம், ஆழம் கூட்டலாம். போட்டிக்காரர்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளந்து நகர்த்துவார்கள். தேறி வருகிறவர்கள் முதல் கோடை முழுக்க அதைக் கம்பெனி வைத்த இடத்திலேயே விட்டுவிடலாம். தினமும் நாம் நிற்கும் விதம் மாறிக்கொண்டிருக்கும்போது தகட்டையும் மாற்றினால், எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.