அம்பு விஷம், சண்டிகர், அப்பாவோட பித்தப்பை

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. காரணம், அப்பாவுக்குப் பித்தப்பையில் கல். சோழவந்தானில் இருந்து மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் போன மாசம் ஆபரேஷன். முந்தின நாள் சாயங்காலம் மயக்க மருந்து டாக்டரம்மா வந்து பார்த்தாங்க. கொடிக்காலில் ஏணி போட்டு ஏறி வெத்தலை கிள்ளின மனுஷன், லேசில் எதுக்கும் பயப்படாத ஆளு, ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "பாதியில முழிப்பு வந்துட்டா என்னம்மா செய்ய?"

"தூங்க ஒரு மருந்து, வலிக்கு ஒரு மருந்து, தசை தளர ஒரு மருந்து. மூணும் வேற வேறய்யா. முடியுற வரைக்கும் நான் உங்க தலைமாட்டுலயேதான் இருப்பேன்."

அப்பா சமாதானமாகித் தூங்கிட்டார். எனக்குத்தான் அந்த மூணாவது மருந்து மண்டையைக் குடைய ஆரம்பிச்சது. பேரு கேட்டு வெச்சிருந்தேன்: வெக்குரோனியம். ராத்திரி பூரா மொபைலும் கையுமா தேடினதுதான் கீழே இருப்பது.

கதை தென் அமெரிக்கக் காட்டில் ஆரம்பிக்கிறது. அங்கே வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் தடவிய விஷம் 'குராரே'. அதைத் தந்த கொடிகளில் ஒன்று, நம்ம ஊர் வேலியில் படர்கிற சீந்தில் கொடியோட குடும்பத்தைச் சேர்ந்தது! குராரே பட்ட மிருகம் துவண்டு விழும், மூச்சு நின்று சாகும். கறியைச் சாப்பிட்டவருக்கு ஒன்றும் ஆகாது, ஏன்னா குடல் வழியாக அந்த விஷம் அவ்வளவாக ஏறாது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு விஞ்ஞானி க்ளாட் பெர்னார்ட் தவளைகளை வைத்து மர்மத்தை உடைத்தார். நரம்பும் நல்லாயிருக்கு, தசையும் நல்லாயிருக்கு. இரண்டும் சேரும் இடத்தில்தான் அடைப்பு. நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற சாவி, தசையில் இருக்கும் பூட்டில் நுழைய வேண்டும். குராரே அந்தப் பூட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இது பிற்காலத்தில் தெளிவான விஷயம்.

1942 ஜனவரி 23 அன்று, கனடாவின் மான்ட்ரியலில் ஹெரால்ட் கிரிஃபித், ஈனிட் ஜான்சன் என்ற இரு டாக்டர்கள் ஒரு குடல்வால் ஆபரேஷனில் இதைப் பயன்படுத்தினார்கள். அதுவரை வயிற்றுத் தசை தளர வேண்டுமென்றால் ஈதரை அபாயமான அளவுக்கு ஏற்ற வேண்டியிருந்தது.

ஆனால் அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் அப்போது தெளிவாக இல்லை. இந்த மருந்து ஆளைத் தூங்க வைக்குமா, இல்லை கட்டிப்போட மட்டும் செய்யுமா? அமெரிக்காவில் ஸ்காட் ஸ்மித் என்ற டாக்டர் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தார். மூச்சு நிற்கும் அளவைத் தாண்டி, இரண்டரை மடங்கு! கூட இருந்தவர்கள் கையால் மூச்சு கொடுத்தார்கள். 1947ல் வெளியான முடிவு: நினைவு ஒரு நொடிகூடத் தப்பவில்லை, வலியும் குறையவில்லை. டாக்டரம்மா "மூணும் வேற வேற" என்று அழுத்திச் சொன்னதுக்குப் பின்னால் இந்த மனுஷன் படுத்துக் கிடந்திருக்கிறார்.

இனி நம்ம நாட்டுக் கதை. 1950களில் வந்த சக்சினைல்கோலின் சட்டென்று பிடிக்கும், சட்டென்று விடும். ஆனால் பொட்டாசியம் ஏறுவது, தசைவலி என்று பக்கவிளைவுகள். அந்தத் தொல்லை இல்லாமல் அதே வேகத்தில் ஒன்று வேண்டும் என்று உலகமே தேடியது. 1964ல் ஸ்காட்லாந்தில் ஆர்கனான் கம்பெனிக்காரர்கள் ஸ்டீராய்டு கூட்டை வைத்து பான்குரோனியம் செய்தார்கள். அதே பாதையில் சண்டிகரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹர்கிஷன் சிங் குழு 1970களில் ஒன்றை உருவாக்கியது. ஆய்வக எண் ஹெச்.எஸ்-310. பெயர் சாண்டோனியம் அயோடைடு. பெயரிலேயே ஊர் இருக்கு பாருங்க!

மருந்து வேகமாகப் பிடித்தது, சீக்கிரம் விட்டது. வீரியமும் பான்குரோனியத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. இந்தியாவில் நோயாளிகளிடம் சோதிக்கும் வரை வந்தது. சர்வதேசப் பெயர்கூடக் கிடைத்தது: கேண்டோகுரோனியம். ஆனால் இதயத்துக்கு பிரேக் போடும் வேகஸ் நரம்பும் அதே அசிட்டைல்கோலினைத்தான் நம்பியிருக்கிறது. மருந்து அங்கேயும் கை வைத்ததால் நாடித்துடிப்பு எகிறியது. பான்குரோனியத்திலும் இதே குறை உண்டு. அது ஏற்கெனவே சந்தையில் இருந்தது, இது புதுசு. அதோடு கைவிட்டுவிட்டார்கள்.

அப்புறம்தான் எனக்குத் தூக்கமே போச்சு. பான்குரோனியத்தில் இருந்து ஒரே ஒரு மீத்தைல் தொகுதியை எடுத்துவிட்டால் வெக்குரோனியம். கார்பன் ஒண்ணு, ஹைட்ரஜன் மூணு, அவ்வளவுதான். இதயத் தொல்லை ஏறக்குறையப் போயே போச்சு. 1980களில் அது ஆபரேஷன் தியேட்டருக்கு வந்துவிட்டது. எங்க பாஷையில் சொன்னால், ஒரு வரியை அழிச்சதும் பக் சரியான மாதிரி.

நானும் ரெண்டு வருஷம் ராப்பகலாக எழுதின கோடு ரிலீஸ் ஆகாமல் குப்பைக்குப் போயிருக்கு. ஆறு மாசம் யாரோடயும் சரியாப் பேசலை. ஹர்கிஷன் சிங் என்ன செய்தார் தெரியுமா? ஆராய்ச்சியை விடலை, அதோட இந்திய மருந்தியல் வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார். 2017ல் பத்மஸ்ரீ, 2020ல் காலமானார். "இந்த வழியில் போனால் இதயம் படபடக்கும்" என்று தெரிந்துகொள்வதும் ஒரு முடிவுதானே? அதை யாராவது ஒருத்தர் செய்து பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கு.

மறுநாள் மதியம் ஆபரேஷன் முடிந்து, நியோஸ்டிக்மின் ஊசி போட்டுத் தசையை மீட்டு, அப்பாவை வெளியே கொண்டுவந்தார்கள். ஏதாவது தெரிஞ்சுச்சாப்பான்னு கேட்டேன்.

"படுத்தேன், எந்திரிச்சேன். இடையில ஒண்ணும் தெரியலடா. வெத்தலை எப்பப் போடலாம்னு கேளு."

பி.கு: மயக்க மருந்து டாக்டர்கள் யாராவது படித்தால், தப்பிருந்தா தலையில் குட்டுங்க. திருத்திக்கிறேன் :-)